இடுப்பளவு தண்ணி

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. அந்தப் பையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா நானும் உக்காருவேன்லா. ம், அவ்வளவுதான். கண்டக்டரப் பாத்தியளா, வயசான மனுசன் ஏறுதானேன்னு ஒரு பார்வை பாக்கானா? விசில ஊதிட்டான். விளங்காத பய.

தூத்துக்குடிக்கா போறிய? நானும் அங்கதான். கோர்ட்டுக்குப் போறேன். பயந்துராதிய, நான் குத்தவாளி இல்ல. சாட்சி. என் மருமகன்தான் குத்தவாளி. சொந்த மருமகன் மேலயே சாட்சி சொல்லப் போறானே, இவன் என்ன மனுசன்னு நினைக்கிய. வாயத் தொறந்து கேக்க மாட்டிய, மூஞ்சியிலயே தெரியுது. சொல்லுதேன், கேளுங்க. அந்தப் போன உள்ள வைங்க. அதுல அப்படி என்னத்தக் கொட்டிக் கெடக்கு?

என்கிட்ட காரு இருக்கு. டிரைவர் பய சொல்லாமக் கொள்ளாம நின்னுட்டான். வேற எவனும் வரமாட்டேங்கான். ஆறுமுகநேரியில ஒருத்தனுக்கும் நன்றி கிடையாது தம்பி. ஐஸ் கம்பெனி ஜெயக்கொடின்னு இந்தக் கடக்கரையில எந்தப் போட்டுக்காரன்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. என் ஐஸ் ஏறாம ஒரு போட்டு கடலுக்குப் போகாது. தண்ணிய ஐஸாக்கி, அந்த ஐஸ்லதான் வீடு, வாசல், மக கல்யாணம் எல்லாம். அப்பேர்ப்பட்டவனுக்கு ஐஸ்னா என்னன்னு ஒருத்தன் வந்து பாடம் எடுக்கான். கேட்டா சிரிப்பிய.

அவன்தான் மருமகன். பேரு நவநீதன். மதுரையில ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். என் மக பொன்சுதா அவளாப் பாத்துக் கட்டிக்கிட்டது. நான் பாத்து வச்ச மாப்பிள்ளை மீன் ஏத்துமதி பண்ணுதவன், ரெண்டு குளிர்பதனக் கிட்டங்கி வச்சிருந்தான். அவன வேண்டாம்னுட்டு இந்தக் கண்ணாடி போட்ட கொக்கப் புடிச்சிக்கிட்டு வந்தா. சரி, போய்த் தொலையுதுன்னு விட்டேன். வாத்தியார்னா வாத்தியாரா இருக்கணும்லா? இவனுக்கு ஒரு யூடியூப் சேனல். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கானாம். முட்டைய வினிகர்ல ஊறப் போடுவான், அதுக்கு ஒரு வீடியோ. பாட்டில் வாயில பலூன மாட்டுவான், அதுக்கு ஒரு வீடியோ. அத இத்தன ஆயிரம் பேரு பாக்கான்னு என் மக வந்து பெருமையாச் சொல்லுதா. பாக்கவன் பூரா சோலியில்லாதவன். எங்க வீட்டுக்காரி தங்கக்கனியும் அதுல சேத்தி. அடுக்களையில போன சாத்தி வச்சிக்கிட்டு, மாப்பிள்ளை பேசுதாருன்னு வாயப் பொளந்துக்கிட்டுப் பாப்பா. நான் உள்ள வந்தா அணைச்சிருவா.

வீட்டுக்குப் பொறத்தால நான் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கேன். சிரிக்காதிய. ஆறுமுகநேரியில எவன் வீட்டுல நீச்சல் குளம் இருக்கு, சொல்லுங்க பாப்போம்? உப்பளத்து முதலாளி வீட்டுலயே கிடையாது. சுத்தி ஆளுயரத்துக்கு மேல காம்பவுண்டு. ரோட்டுல போற வாற கூறுகெட்டவனெல்லாம் எட்டிப் பாக்கக்கூடாதுலா. குளம் நல்ல ஆழம். தண்ணிதான் முழுசா விடல. எங்க ஊர்த் தண்ணி உப்பு, லாரித் தண்ணிதான் வாங்கி விடணும். இடுப்பளவு விட்டேன். போதும். எங்க வீட்டுல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. "நீச்சல் தெரியாம எதுக்கு மாமா குளம்?"னு ஒருநா அந்தக் கொக்கு கேட்டுது. கோயில் தெப்பக்குளத்துலயும்தான் எவனும் நீச்சலடிக்கல, அதுக்காக மண்ணப் போட்டுத் தூத்துட்டானா? அப்படித் திருப்பிக் கேட்டேன்.

அப்பதான் ஒரு லீவுக்கு வந்தாங்க ரெண்டு பேரும். வந்தவன் என்கிட்ட வந்து நெளியுதான். "மாமா, உங்களுக்குத்தான் ஏத்துமதிக் கம்பெனி ஆளுங்க பழக்கமாச்சே, எனக்குக் கொஞ்சம் ட்ரை ஐஸ் வாங்கித் தர முடியுமா? சின்ன டப்பா போதும். உங்க குளத்துல ஒரு சோதனை செஞ்சு வீடியோ எடுக்கணும்." தம்பிக்கு ட்ரை ஐஸ் தெரியுமா? கல்யாண மண்டபத்துல பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது காலடியில வெள்ளையாப் பொக கிளம்புதுல்லா, அதுதான். தண்ணியில போட்டா கொதிக்கது மாதிரி பொங்கும். பொக மேல போகாம தரையோட தரையாப் போகும். அது உருகாது, நனையாது. நனையாத ஐஸ் என்ன ஐஸ்? அதுக்கு ஐஸ்னு பேரு வச்சதே எனக்குப் பிடிக்கல.

சரி, கேட்டுட்டான். நான் போயி எவன்கிட்டயாவது ஒரு டப்பா ஐஸ் குடுன்னு கேக்க முடியுமா? ஜெயக்கொடி ஒரு டப்பா ஐஸ் கேட்டான்னு நாளைக்கு ஹார்பர் பூரா சிரிக்க மாட்டானா? மூணு பெட்டி எறக்குனேன். தெர்மாகோல் பெட்டி, ஒவ்வொண்ணும் ரெண்டு ஆள் புடிச்சாத்தான் தூக்க முடியும். அதப் பாத்ததும் அவன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. "ஐயோ மாமா, இவ்வளவா, இது ரொம்ப ஆபத்து"ங்கான். ஆபத்தாம். வாங்கிக் குடுத்தவனுக்கு ஒரு நன்றி கிடையாது. மூணு பெட்டி எறக்குனது நான்னு போலீஸ்காரன் கேக்கல, நானும் சொல்லல. கேட்டதுக்குத்தானே தம்பி பதில்?

மறுநா ஞாயித்துக்கிழமை. காலையில அவன் ஆரம்பிச்சான் பாருங்க கூத்து. பொறத்தால இருக்க கேட்ட ஆவென்னு தொறந்து வச்சான். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னு ஒரு ரிப்பனத் தொங்கவிட்டுப் பாத்தான். யாரும் குளத்துக்குள்ள இறங்கக்கூடாது, யாரும் ஓரத்துல குனியக்கூடாதுன்னு கயிறு கட்டுனான். என் வீட்டுல, என் குளத்துக்கு, எனக்கே கயிறு. கையில உறை, கண்ணுல கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி. ஆபரேசன் பண்ணப் போறவன் மாதிரி நாலே நாலு துண்டு ஐஸ எடுத்துத் தண்ணியில போட்டான். பொக வந்துது. பொறவு ஒரு டப்பாவுல மெழுகுவத்திய ஏத்தி, கயித்துல கட்டி, குளத்துக்குள்ள மெள்ள எறக்குனான். பொகக்குள்ள போனதும் அணைஞ்சு போச்சு. திரும்ப ஏத்துனான், திரும்ப எறக்குனான், திரும்ப அணைஞ்சுது. என் மக போன்ல புடிக்கா. தங்கக்கனி அங்கன நின்னுக்கிட்டு "அம்மாடியோவ்"ங்கா.

"பாத்தீங்களா மாமா, இது கரியமில வாயு. காத்த விடக் கனம். மேல போகாது. தண்ணிக்கு மேலயே படுத்துக் கெடக்கும். குளம் பாதிதான் நிறைஞ்சிருக்கு, அதனால கிண்ணத்துல ஊத்துன மாதிரி உள்ளயே நிக்கும். வாசனை இருக்காது, கண்ணு எரியாது, மனுசனுக்குத் தெரியவே தெரியாது." மெழுகுவத்தி அணைஞ்சா பெரிய விசயமாடே? கார்த்திகைக்கு எங்க வீட்டுல வருசா வருசம் அணையுது. எனக்கு அடக்க முடியல, சிரிச்சிட்டேன்.

கேஸ்னா என்னன்னு எனக்கா சொல்லுதான்? நான் அம்மோனியாவுல பொழச்சவன் தம்பி. ஐஸ் கம்பெனி ஓடுறதே அம்மோனியாவுலதான். அதுல ஒரு துளி வெளிய வந்தாப் போதும், கண்ணு அவிஞ்சிரும், நெஞ்சு வெந்துரும். பொன்சுதா கைப்பிள்ளையா இருக்கும்போது ஒருநா குழாய் விட்டுப் போச்சு. எங்க வீடு அப்ப கம்பெனிக்கு ஒட்டுனாப்புல. தங்கக்கனி சோறு வடிச்சிக்கிட்டு இருந்தா. நான் மிஷின் ரூமுலருந்து கத்துனேன், "ஏட்டி, முந்தானைய நனைச்சு மூக்குல வையி! குனி! குனிஞ்சே வெளிய வா!"ன்னு. அம்மோனியா மேலதான் ஏறும், கீழ நல்ல காத்து இருக்கும். ஈரத்துணி அத இழுத்துக்கிடும். தண்ணிப் பக்கம் போயிட்டா பொழச்சான். இது ஐஸ் கம்பெனில வேலைக்குச் சேருத முத நாளே சொல்லிக் குடுக்கது. தங்கக்கனி ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கல. சோத்துப் பானைய அப்படியே போட்டா, முந்தானைய நனைச்சா, பிள்ளைய நெஞ்சோட அணைச்சிக்கிட்டுத் தரையோட தரையாத் தவந்து வந்தா. பக்கத்து வீட்டுக்காரி என்ன சத்தம்னு நிமுந்து நின்னு பாத்தா. ஆறு மாசம் கண்ணாஸ்பத்திரியில கெடந்தா. அன்னைக்கு நான் குனின்னு சொல்லலன்னா தங்கக்கனி ஏது, பொன்சுதா ஏது? இன்னைக்கு என்ன நிறுத்திக் கேள்வி கேக்காளே, அந்த நன்றி கெட்டவதான் அந்தக் கைப்பிள்ளை.

என்ன சொன்னேன்? ஆங், மெழுகுவத்தி. கேஸ்னா கண்ணு எரியணும், மூக்கு எரியணும். வாசனையே இல்லாத கேஸ் என்ன கேஸ்? ஏமாளிக் கேஸ். நான் மோந்து பாத்தேன் தம்பி. நல்லா மூக்க நீட்டி மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்ல, சும்மா குளு குளுன்னு இருந்துது. அவன் ஓடி வந்து என் கையப் புடிச்சு இழுக்கான். மாமனார் கையப் புடிச்சு இழுக்கான், எவ்வளவு கொழுப்பு பாருங்க.

சோதனை முடிஞ்சுது. கொஞ்ச நேரம் பொக, அதோட சரி. சீ, இதுக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்னு ஆயிருச்சு. மிச்சத்த மூடி போட்டு ஒட்டி வச்சிட்டு, "இத நாளைக்கு நானே திருப்பிக் குடுத்துருதேன் மாமா. நீங்க யாரும் தொட வேண்டாம்"ன்னான். என் வீட்டுல, நான் வாங்குன சாமான, நான் தொடக்கூடாது. சொல்லிட்டுச் சோத்துக்குப் போயிட்டான். பொன்சுதா அவனுக்குப் பரிமாறப் போனா. நேத்துப் பிறந்த பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி பக்கத்துலயே நின்னு பரிமாறுவா.

பஸ் ஏன் நின்னுட்டுது? முக்காணிப் பாலமா? சரி, சரி. இந்த ஊர்ல பஸ்ஸும் அப்படித்தான், ஆளும் அப்படித்தான்.

அடுத்த மாசம் எனக்கு அறுபதாம் கல்யாணம் வச்சிருந்துது தம்பி. திருச்செந்தூர்ல மண்டபமெல்லாம் சொல்லியாச்சு. எங்க கல்யாணத்துல ஒழுங்கா ஒரு போட்டோ கிடையாது. போட்டோ புடிக்க வந்தவன் தாலி கட்டுற நேரத்துக்கு ரோல் மாத்திக்கிட்டு இருந்தான், பரதேசிப் பய. தங்கக்கனி அத ஒருநாளும் குறையாச் சொன்னது கிடையாது. ஆனா அடுத்தவங்க வீட்டு ஆல்பத்தப் பாத்தா, அந்தத் தாலி கட்டுற படத்துல மட்டும் கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் பக்கம் திருப்புவா. எனக்குத் தெரியும், தெரியாம என்ன. மூணு பெட்டி ஐஸ் அங்கன சும்மா கெடக்கு. இவள அந்த மேகத்துக்கு நடுவுல நிக்க வச்சு ஒரு படம் எடுத்தா எப்படி இருக்கும்! அழைப்புப் பத்திரிகையிலயே போட்டுரலாம், ஊர்க்காரன் வயிறெரிஞ்சு சாகட்டும்னு நினைச்சேன். கூப்பிட்டேன்.

"எனக்கு எதுக்குங்க இந்தக் கோலமெல்லாம்? மாப்பிள்ளை தொட வேண்டாம்னுல்லா சொன்னாரு"ன்னா.

"மாப்பிள்ளை சொன்னது பெருசா, நான் சொல்லுதது பெருசா?"

"நீங்க சொல்லுததுதான்"னா. போயி அந்த மாம்பழக் கலர் பட்டக் கட்டிக்கிட்டு வந்தா. தலையில கொஞ்சம் பூவும் வச்சிருந்தா. நான் சொல்லல, அவளா வச்சது. குளத்துப் படியில கால வச்சதும் தண்ணிக்குப் பயந்து நிக்கா. "இடுப்பளவுதாண்டி, முங்கியா போயிருவ? இறங்கு"ன்னேன். இறங்குனா.

பொறத்தால கேட்டு ஆவென்னு தொறந்து கெடந்துது. காத்துல பொக கலைஞ்சிருச்சுன்னா போட்டோ எப்படி விழும்? இழுத்து மூடுனேன். கயித்த அவுத்துப் போட்டேன். பெட்டி மூணையும் ஓரத்துக்கு இழுத்து வந்து ஒண்ணொண்ணாக் கவுத்துனேன். அவன் நாலு துண்டு போட்டான்லா, நான் போட்டதப் பாக்கணும் நீங்க! குளம் பூரா பொங்குது. வெள்ளை வெளேர்னு பொக வந்து குளத்த நிறைச்சு, ஓரம் வரைக்கும் ஏறிட்டுது. தண்ணியே தெரியல. நடுவுல அவ தலையும் தோளும் மட்டும். மத்தவன் எப்படியும் சொல்லட்டும், உள்ளதச் சொல்லுதேன், அவ்வளவு அழகா இருந்தா தம்பி. போன எடுத்து நீட்டுனேன்.

இருங்க, காட்டுதேன். இந்தா பாருங்க, இதான் தங்கக்கனி. சிரிக்கா பாத்தியளா? முதல்ல சிரிக்கல, ஏங்க படபடன்னு வருதுன்னா. சிரி, சிரிச்சாத்தான் எடுப்பேன்னேன். சிரிச்சா. நல்லாப் பாருங்க தம்பி, ஏன் முகத்தத் திருப்புதிய?

அடுத்தது எடுக்கதுக்குள்ள, "மூச்சு முட்டுதுங்க"ன்னா. தண்ணின்னா எப்பவும் அவளுக்கு ஒரு பயம், அதான்னு நினைச்சேன். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுதா. படி எந்தப் பக்கம்னு தேடுதா, பொகையில படி தெரியல. அங்கிட்டு ஒரு எட்டு வைக்கா, இங்கிட்டு ஒரு எட்டு வைக்கா. அப்பதான் எனக்கு உறைச்சுது, ஆகா, இது கேஸ் வேலைதான்னு. வேற எவனா இருந்தாலும் கையப் பெசஞ்சிக்கிட்டு நின்னிருப்பான். நான் நிக்கல. கேஸ்னா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியாதா? கத்துனேன். அந்தத் தெருவுக்கே கேக்க கத்துனேன்.

"ஏட்டி, முந்தானைய நனைச்சு மூக்குல வையி! குனி! தண்ணியோட தண்ணியாக் குனி!"

கேட்டா. அந்த நேரத்துலயும் நான் சொன்னது அவ காதுல விழுந்துது பாருங்க. என்னத் திரும்பி ஒரு பார்வை பாத்தா. முந்தானையத் தண்ணியில முக்குனா. மூக்குல வச்சா. குனிஞ்சா. பொகைக்குள்ள போயிட்டா.

நிமுரல.

நான் என்ன செய்ய முடியும்? எனக்குத்தான் நீச்சல் தெரியாதே.

என்ன பாக்கிய? இடுப்பளவு தண்ணிதானேன்னு பாக்கியளா? எல்லாப் பயலும் இதத்தான் கேக்கான். வக்கீலும் இப்படித்தான் பாத்தான். தண்ணின்னா தண்ணிதான் தம்பி. அங்கன நின்னவனுக்குத்தான் தெரியும். நான் கூப்பிட்டேன். தங்கம், தங்கம்னு கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். அந்தப் பேரச் சொல்லி அவளக் கூப்பிட்டு எத்தனையோ வருசம் ஆச்சு.

அவன் ஓடி வந்தான். கையில சோத்துப் பருக்கை, கழுவக்கூட இல்ல. ஓடி வந்த வேகத்துல என்ன நெட்டித் தள்ளிட்டு கேட்ட எத்தித் தொறந்தான். மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு உள்ள குதிச்சான். கையத் துழாவி அவளத் தூக்கி ஓரத்துல போட்டான், போட்டவன் ஏற முடியாம அங்கனயே மடங்கி விழுந்தான். பொன்சுதாதான் சட்டக் காலரப் புடிச்சு இழுத்தா. ரெண்டு நாள் அவனும் ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மிஷின் வச்சிக்கிட்டுக் கெடந்தான். அத ஒரு பெரிய தியாகம்னு ஊரு பேசுது. குதிக்கத் தெரிஞ்சவன் குதிச்சான், அதுல என்ன இருக்கு?

தங்கக்கனி வீட்டுலயே போயிட்டா. முகத்துல ஒரு கீறல் கிடையாது. பூ கூட வாடல.

அதுக்கப்புறம் போலீஸ். யாரு இந்த ஐஸ கேட்டது? மருமகன். யாரு குளத்துல சோதனை பண்ணுனது? மருமகன். இதுல எது பொய் தம்பி? ஒண்ணாவது பொய்னு சொல்லுங்க. அவன் அந்த எளவக் கேக்கலன்னா என் வீட்டுக்குள்ள அது வந்திருக்குமா? நான் புகார்ல அதத்தான் சொன்னேன். கேஸ் போட்டாங்க. காலேஜ்ல அவன நிறுத்தி வச்சிட்டானுவ. சேனலும் மூடிக் கெடக்காம். தீர்ப்பு எதுத்து வந்தா உள்ள போவான், வேலையும் போயிரும். போகட்டும்.

நேத்து பொன்சுதா வந்தா. செத்த வீட்டுக் காரியம் முடிஞ்சு போனவ, நேத்துதான் வாறா. உள்ள வரல. வாசல்லயே நின்னா. வாட்டின்னேன், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசுன்னேன். அசையல. அங்கன நின்னுக்கிட்டே சொல்லுதா, "அப்பா, உங்கள செயிலுக்கு அனுப்பணும்னு நாங்க நினைக்கல. அவர் வேண்டாம்னு வச்ச ஐஸ நீங்க கொட்டுனது, கேட்ட மூடுனது, அம்மாவக் குனியச் சொன்னது, இந்த மூணையும் உள்ளபடி சொல்லுங்க. நான் சாப்பாட்டு அறையிலருந்து உங்க சத்தத்தக் கேட்டேன்பா. நான் சொன்னா, புருசனக் காப்பாத்தப் பொய் சொல்லுதான்னுருவாங்க. நீங்க சொன்னாத்தான் அவர விடுவாங்க. அவர் அம்மாவ வெளிய எடுத்தவருப்பா"ங்கா. அழல. அழுதாக்கூட நான் என்னமும் சொல்லியிருப்பேன். பேங்க்ல பேசுத மாதிரி பேசுதா, பெத்தவன்கிட்ட.

நான் கேட்டேன், "அந்தக் குனிதாண்டி ஒன்ன உயிரோட வச்சிருக்கு, அது ஞாபகம் இருக்கா?"ன்னு.

"அது அம்மோனியாப்பா. இது வேற. இது கீழதான் கெடக்கும்னு அவர் காலையில உங்களுக்கு மெழுகுவத்தி வச்சுக் காட்டுனாரே"ன்னா.

கதவச் சாத்திட்டேன். பின்ன என்ன? புருசன் பாடம் எடுத்தது பத்தாதுன்னு இவ வேற.

கோர்ட்டுல கேப்பான், குனின்னு சொன்னீரான்னு. சொல்லவே இல்லன்னு சொல்லப் போறேன். அவளாக் குனிஞ்சா, ஐஸ் கம்பெனிப் பழக்கம், பயத்துல குனிஞ்சிட்டான்னு சொல்லுவேன். பொறத்தால கேட்டு? காத்துல மூடியிருக்கும். எவன் பாத்தான்? இந்த வயசுல, இந்த ஊர்ல, பெண்டாட்டியக் குளத்துல இறக்கிக் கொன்னவன்னு பேரு வாங்கிட்டு நான் தலை நிமுந்து நடக்க முடியுமா? சொல்லுங்க தம்பி. நீங்களும் ஒரு குடும்பத்துல பிறந்தவர்தானே?

எனக்குன்னு சாட்சி சொல்ல ஒரு நாதி கிடையாது. தங்கக்கனி மட்டும் இருந்தான்னு வைங்க, இந்தக் கேஸே நிக்காது. கூண்டுல ஏறி நின்னு, "எங்க வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்லய்யா, நான்தான் கால் வழுக்கி விழுந்தேன்"னு சொல்லுவா. கண்ணச் சிமிட்டாமச் சொல்லுவா. நான் சொல்லச் சொன்னாப் போதும். அவ அப்படி. உக்காருன்னா உக்காருவா, சிரின்னா சிரிப்பா. இத்தன வருசத்துல நான் ஒண்ணு சொல்லி அவ செய்யாதது கிடையாது தம்பி. அன்னைக்குங்கூட, மூச்சு போற நேரத்துலயும் என் வாயத்தான் பாத்தா. ஏறி வான்னு சொல்லியிருந்தா ஏறி வந்திருப்பா.

...

என்ன தம்பி, எந்திரிச்சிட்டிய? தூத்துக்குடி இன்னும் வரலையே. முத்தையாபுரம்தான் இது. பின்னால சீட் எதுக்கு, அங்கன வெயிலு. உக்காருங்க.

நான் சொல்லுதேன்லா, உக்காருங்க.